மருத்துவமனைக்குப் போகும் பூங்கொத்து

நோய் தீர்ந்து வீடு திரும்பியவர், தன்னைக் கவனித்துக்கொண்ட செவிலியருக்கோ மருத்துவருக்கோ பூங்கொத்து அனுப்புவது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நெடுநாளைய வழக்கம். தமிழ்நாட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் இனிப்புப் பெட்டி இருக்கும். பெரிய டாக்டர் என்றால் பொன்னாடை. எதுவானாலும் அதற்குள் பழைய அறவியல் கேள்வி ஒன்று இருக்கிறது. மருத்துவமனை ஊழியர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். நோயாளி பில் கட்டிவிட்டார். அரசு மருத்துவமனை என்றால் வரியாகக் கட்டியிருக்கிறார். கணக்கு முடிந்த பிறகு நன்றி எதற்கு? இன்னும் மிச்சம் நிற்கிறது என்றால் அது என்ன, பூவைக் கொடுத்தால் தீர்ந்துவிடுமா?

உரோமத் தத்துவவாதி செனெகா, கொடையையும் நன்றியையும் பற்றி மட்டுமே கி.பி. முதல் நூற்றாண்டில் ஏழு பாகங்களில் ஒரு நூல் எழுதினார். அதன் ஆறாம் பாகத்தில் இதே கேள்வி வருகிறது. மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் கூலி கொடுத்தாகிவிட்டது. அப்புறமும் அவர்களுக்குக் கடன்பட்டிருப்பதாக மனம் ஏன் சொல்கிறது? உயிருக்கு விலை கிடையாது, ஆகவே கொடுத்தது உயிரின் விலையல்ல, அவருடைய உழைப்பின் விலைதான் என்பது முதல் பதில். இதோடு செனெகா நிற்கவில்லை. கடலைக் கடத்திவிடும் மாலுமியும், மழைக்கும் வெயிலுக்கும் கூரை கட்டித்தரும் கொத்தனும் கொடுப்பதும் வாங்கும் கூலியைவிடப் பெரிதுதான். அவர்களுக்கெல்லாம் ஆயுள் முழுக்கக் கடன்பட்டவர்களாக யாரும் நடந்துகொள்வதில்லையே?

வேறுபாட்டை அவர் ஆளிடம் தேடுகிறார். ஒரு மருத்துவர் நாடி பார்க்கிறார், செய்ய வேண்டியதைச் சொல்கிறார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். அவருக்குக் கட்டணத்துக்கு மேல் ஒன்றும் பாக்கியில்லை. இன்னொருவர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்; தன் பெயர் கெட்டுவிடும் என்றல்ல, நோயாளிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறார்; மருந்தைச் சொல்வதோடு விடாமல் தன் கையாலேயே போடுகிறார்; நெருக்கடி வந்த நேரத்தில் உறவினர்களோடு தானும் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கொடுத்த கூலி அவர் செய்ததில் ஒரு பகுதிக்குத்தான். மீதியை அவர் நண்பராகச் செய்தார். கடன் அந்த மீதியில் நிற்கிறது.

அதே நூலின் மூன்றாம் பாகத்தில் இன்னும் துணிச்சலான கேள்வி ஒன்று எழுகிறது. அடிமை தன் எஜமானுக்கு உபகாரம் செய்ய முடியுமா? அடிமை செய்வது எல்லாமே கடமை, அதில் உபகாரம் எங்கிருந்து வரும் என்பது அன்றைய பொதுக் கருத்து. முடியும் என்கிறார் செனெகா. கடமையின் எல்லை எங்கே முடிகிறதோ அதற்கு அப்பால் மனமுவந்து செய்வது உபகாரம். செய்தவர் நிலை என்ன என்பது அதைக் குறைக்காது. இந்த வாதம் பெரிய டாக்டரைவிட வார்டில் இருப்பவர்களுக்கே கச்சிதமாகப் பொருந்தும். இரவு 2 மணிக்கு, துணைக்கு இருப்பவர் ஓடிவந்து “சிஸ்டர், ட்ரிப்ஸ் முடிஞ்சுபோச்சு” என்கிறார். போய்ப் பாட்டிலை மாற்றுவது கடமை. கை வீங்கியிருக்கிறதா, ஊசி விலகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதும் கடமைதான். மிரண்டுபோய்க் கிடக்கும் கிழவியிடம் “ஒண்ணுமில்ல பாட்டி, தூங்குங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துவிடுவது எந்த டியூட்டி பட்டியலிலும் இல்லை. வீட்டுக்கு வந்த கிழவி அடுத்த பத்து வருடம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

இந்தக் கடன் தீர்க்கக்கூடியதா என்பதில் கருத்துகள் வேறுபடுகின்றன. 1797இல் வெளிவந்த தம் அறவியல் நூலில், நன்றியைப் புனிதமான கடமை என்றே ஜெர்மன் தத்துவவாதி கான்ட் வகைப்படுத்தினார். முதலில் செய்தவர் என்ற முன்னுரிமை உபகாரிக்கு உண்டு. திருப்பி எவ்வளவு செய்தாலும் அந்த முதலிடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. திருக்குறளின் 11ஆம் அதிகாரமான செய்ந்நன்றியறிதல் தொடங்குவதும் கிட்டத்தட்ட இங்கிருந்துதான்; தான் முன்பு எதுவும் செய்யாதிருக்கப் பிறர் செய்த உதவிக்கு ஈடு கிடையாது என்பது அதன் முதல் குறளின் கருத்து. ஆகவே பூங்கொத்தைக் கடன் தீர்த்த ரசீதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. கடன் இருப்பதை ஒப்புக்கொண்டதற்கான அடையாளம் அது, அவ்வளவுதான்.

நன்றி யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இதைவிடச் சிக்கலானது. மருத்துவம் என்றதும் மருத்துவர் மட்டுமே நினைவுக்கு வருவது பிற்காலப் பழக்கம். திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவர். சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு குணங்கள் வகுக்கிறது. பணிவிடை செய்பவருக்கு அது கேட்பவை பணிவிடை அறிவு, திறமை, நோயாளி மேல் பற்று, தூய்மை. நாலில் ஒரு பங்கு என்று நூல்கள் ஒதுக்கிய அந்த ஆளுக்குத்தான் இன்று பொன்னாடை எட்டுவதில்லை. பணிவிடை செய்தவர்கள் ஷிப்டுக்கு ஒருவராக மாறியிருப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அவர்களில் பாதிப்பேர் டியூட்டியில்கூட இருக்க மாட்டார்கள்.

பௌத்தத்தின் விநய பிடகம் இந்த ஆளைத்தான் நடுவில் வைத்துப் பேசுகிறது. அதன் ஒரு பகுதியான மகாவக்கத்தில் வரும் நிகழ்ச்சி இது. வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட பிக்கு ஒருவர் தன் கழிவிலேயே கிடக்கிறார். புத்தரும் ஆனந்தரும் தங்குமிடங்களைச் சுற்றிப் பார்த்து வரும்போது அவரைக் காண்கிறார்கள். ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டால், நான் மற்ற பிக்குகளுக்கு எந்த உதவியும் செய்ததில்லை, அதனால்தான் என்கிறார் அவர். ஆனந்தர் தண்ணீர் கொண்டுவருகிறார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு புத்தர் பிக்குகளைக் கூட்டி, இங்கே உங்களைக் கவனிக்கத் தாயும் இல்லை தந்தையும் இல்லை, ஒருவரையொருவர் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார் என்று கேட்கிறார். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்பது அங்கே அவர் சொன்னது.

தொடர்ந்து, நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுதியானவரின் ஐந்து இயல்புகள் வரிசையாக வருகின்றன. மலம், சிறுநீர், வாந்தியை அகற்ற அருவருக்காதவர் என்பது ஒன்று. அன்பினால் செய்ய வேண்டும், பலன் கருதிச் செய்யக் கூடாது என்பது இன்னொன்று. இதற்கு அடுத்த பகுதி கவனிக்கத்தக்கது. நோயில் ஒரு பிக்கு இறந்துபோனால் அவருடைய பாத்திரமும் சீவர ஆடையும் யாருக்கு? கூட்டத்தின் சொத்துதான், ஆனாலும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பெரிய உதவி செய்கிறவர்கள், ஆகவே சங்கம் அவற்றை அவர்களுக்கே கொடுக்கட்டும் என்று விதி செய்யப்படுகிறது. ஒரு பிக்குவுக்கு உடைமை என்று இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

பலன் கருதாதே என்று சொன்ன அதே நூல் பலனைக் கையில் கொடுக்கிறது. முரண்போல் தோன்றும் இதில் முரண் இல்லை. முதல் விதி பார்த்துக்கொள்கிறவரின் மனத்துக்கு. இரண்டாவது, உதவி பெற்ற கூட்டத்தின் கைக்கு. எதிர்பார்க்காமல் இருப்பது ஒருவருடைய அறம், கொடுக்காமல் விடாதிருப்பது மற்றவருடைய அறம். ஒருவருக்குரிய விதியை மற்றவர் எடுத்து வைத்துக்கொண்டு பேசும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. செவிலியர் ‘இது எனக்குச் சேவை’ என்று சொன்னால் அது உயர்வு. சம்பளம் கொடுக்க வேண்டியவர் அவரைப் பார்த்து ‘உங்களுடையது சேவையல்லவா’ என்று சொன்னால் அது வேறு சங்கதி. கடமையைச் செய், பலனை எதிர்பாராதே என்ற கீதைக் கருத்துக்கும் நம் ஊரில் இதே கதி நேர்ந்திருக்கிறது. கூலி கேட்பவருக்கு அதை எடுத்துச் சொல்லாத முதலாளி அரிது.

கடவுளுக்குச் செலுத்தும் நன்றி மனிதரின் பங்கைக் குறைக்குமா? வைத்தீஸ்வரன் கோயிலில் சிவனே வைத்தியர். குணமானவர்கள் கண், கை, கால் வடிவில் வெள்ளித் தகடு வாங்கிக் காணிக்கை போடுகிறார்கள். வேளாங்கண்ணியிலும் சமயபுரத்திலும் இதே வழக்கம் உண்டு. கிரேக்கக் கோயில்களில் மருத்துவக் கடவுளான அஸ்கிளேபியஸுக்குச் சுடுமண்ணில் செய்த உறுப்புகளைப் படைத்தார்கள். நான் கட்டுப் போட்டேன், குணமாக்கியவர் கடவுள் என்பதுதான் 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே வழக்கமாகச் சொன்னது. ஆனால் இப்படிச் சொல்லும் உரிமை மருத்துவருடையது. நோயாளி அதையே சாக்காக்கி மருத்துவரைத் தாண்டிப்போக முடியாது. மனிதருக்கு நன்றி சொல்லாதவர் இறைவனுக்கும் நன்றி சொல்லாதவர் என்று நபிகளின் வாக்காக அபூதாவூது, திர்மிதி தொகுப்புகளில் பதிவாகியிருக்கிறது. விவிலியத்தின் சீராக் நூல் 38ஆம் அதிகாரத்தில், மருத்துவரைப் படைத்தவர் கடவுள், அதனாலேயே அவரை மதி என்கிறது. இரண்டு நன்றிக்கும் இடையில் போட்டி இல்லை என்பதில் சமயங்கள் பெரிதும் ஒத்துப்போகின்றன.

கொடுக்கும் பொருளில்தான் தகராறு. கோஸ்மாஸ், தமியான் என்ற இரட்டைச் சகோதரர்கள் கிறிஸ்தவ மரபில் பணம் வாங்காத மருத்துவர்கள் என்று போற்றப்படும் புனிதர்கள். அவர்களால் குணமான பல்லாதியா என்ற பெண், திரித்துவத்தின் பெயரைச் சொல்லித் தமியானிடம் மூன்று முட்டைகளைக் கொடுத்துவிட்டாள். கடவுள் பெயரைச் சொன்ன பிறகு மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. சேதி தெரிந்த கோஸ்மாஸ், செத்த பிறகு தன்னை இவன் பக்கத்தில் புதைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் இருவரையும் ஒன்றாகவே அடக்கம் செய்ததாகக் கதை முடிகிறது. மூன்று முட்டைக்கு இவ்வளவு கோபம் அதிகம்தான். ஆனாலும் கோஸ்மாஸ் எதற்குப் பயந்தார் என்பது அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டின் வாசலில் நின்றவர்களுக்குப் புரியும். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவருகிறவர் “சந்தோஷமா ஏதாவது பார்த்துக் குடுங்க” என்கிறார். ஆண் குழந்தை என்றால் ஒரு தொகை, பெண் என்றால் வேறு தொகை. கொடுத்த பிறகுதான் குழந்தை கைக்கு வருகிறது. பேச்சில் அது நன்றி. நடப்பில் அது கட்டணம், அதுவும் கட்ட வேண்டாதவர்களிடம் பிடுங்கியது.

ஆகவேதான் நிறுவனங்கள் எல்லை வகுக்கின்றன. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் 2017 முதல் உள்ள வழிகாட்டுதலின்படி, நோயாளி தரும் ரொக்கத்தையும் பரிசுக் கூப்பனையும் தொகை எவ்வளவு சிறிதானாலும் ஊழியர் மறுக்க வேண்டும். 50 பவுண்டுக்கு மேற்பட்ட பரிசை மருத்துவமனையின் பேரில் மட்டுமே ஏற்கலாம். பூவின் சிறப்பு இங்கேதான். அதை மறுபடி விற்க முடியாது, சேர்த்துவைக்க முடியாது, இரண்டு நாளில் வாடிவிடும். விலையாக மாற முடியாத பொருள் என்பதாலேயே அதை யாரும் லஞ்சமாக எண்ணுவதில்லை. சிகிச்சை முடிந்த பிறகு வருவதால், அடுத்த முறை எனக்கு முதலில் என்ற பேரமும் அதில் ஒட்டுவதில்லை.

பூவுக்கும் குறைகள் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் அதற்கு அனுமதியில்லை. ஜாடித் தண்ணீரில் கிருமி வளரும் என்பது 1970களிலேயே பேசப்பட்டது, அதனால் நோயாளிக்குத் தொற்று வந்ததற்குச் சான்று பலமாக இல்லாவிட்டாலும் பிரிட்டிஷ் மருத்துவமனைகள் பல வார்டுகளில் தடைபோட்டன. தமிழ்நாட்டில் வேறொரு சங்கடம். நன்றியாக மல்லிகைச் சரம் வாங்கிக் கொடுக்கும் வீட்டார், வாங்கிக்கொள்ளும் சிஸ்டர் கணவனை இழந்தவராக இருக்கலாம் என்று யோசிப்பதில்லை. மேசையில் வைக்கும் கொத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எது கொடுத்தாலும் கூடவே பெயர் சொல்லி நாலு வரி எழுதி மேட்ரனிடம் கொடுப்பது நல்லது. இரவு டியூட்டிக்காரருக்கும் சேர்வது அது ஒன்றுதான்.

தனி ஒருவரின் பூவுக்குச் சொன்ன இவை எல்லாம் ஒரு நாட்டின் பூவுக்குப் பொருந்துமா? 2020 மே 3ஆம் தேதி இந்திய விமானப்படை ஹெலிகாப்டர்கள் நாடெங்கும் மருத்துவமனைகள் மேல் மலர் தூவின. முன்களப் பணியாளர்களுக்கு நன்றி என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஏப்ரல் 19ஆம் தேதி இரவு, கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கும்பல் ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்திருந்தது. சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் ஏழாண்டு வரை சிறை என்று ஏப்ரல் 22ஆம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. இங்கிலாந்தில் அதே ஆண்டு மார்ச் 26 தொடங்கிப் பத்து வியாழக்கிழமைகள் இரவு 8 மணிக்கு வீட்டு வாசல்களில் கைதட்டினார்கள். 2022 டிசம்பர் 15ஆம் தேதி அங்கே செவிலியர் சங்கம் தன் வரலாற்றின் மிகப் பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கைதட்டலை வைத்து பில் கட்ட முடியாது என்ற பொருளில் பதாகைகள் நின்றன.

தூவியது தவறு, தட்டியது பொய் என்று இதற்குப் பொருளில்லை. வாசலில் நின்று தட்டியவரிடம் சம்பள உயர்வு தரும் அதிகாரம் இல்லை. அவரால் முடிந்தது நன்றி, அதை அவர் செய்தார். அரசின் நிலை வேறு. செனெகாவின் பிரிவினையில் அரசு முதலில் கூலிக்காரருக்குக் கூலியைக் கொடுக்க வேண்டும். மிச்சத்துக்கான நன்றி அதற்குப் பிறகு. தமிழ்நாட்டில் தொற்றுக்காலத்தில், 2020இல், ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். மாற்றுப் பணி தருவதாக அரசு அறிவித்தது. அவர்கள் கேட்டது பணி நிரந்தரம்.