கடைசிக் காலடி

கச்சிராயபாளையத்தில் பனி என்பது மார்கழி விடிகாலையில் கல்வராயன் மலையை மறைத்து நிற்பது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டால் தீர்ந்துவிடுகிற விஷயம். மனிதர்களை உயிரோடு புதைக்கிற இன்னொன்றுக்கும் நம்மிடம் இருப்பது அதே சொல்தான். பனிச்சரிவு என்று பேப்பரில் படிக்கும்போது மெத்தென்று ஏதோ விழுவதாகவே மனசில் படுகிறது.

2023 ஏப்ரல் 4-ம் தேதி, காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில் 15-வது மைல் அருகே நேர்ந்த பனிச்சரிவில் சுற்றுலா வந்தவர்கள் 7 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு அனுமதி 13-வது மைல் வரைதான் என்ற செய்தியும் கூடவே வந்தது. பலருக்கு அதோடு விசாரணை முடிந்துவிட்டது. இரண்டு மைல் மீறினார்கள், செத்தார்கள். செய்தியைப் படித்தபோது நானும் உள்ளூர ஆறுதல்பட்டேன் என்பதை மறைப்பானேன்.

ஆனால் பனியின் இயல்பு இந்த ஆறுதலுக்கு இடம் தருவதில்லை. குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனி, தரையின் வெதுவெதுப்புக்கும் மேலே உள்ள கடுங்குளிருக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறது. அடியிலிருந்து நீராவி மேலேற, துகள்கள் சர்க்கரைபோல ஒன்றோடொன்று ஒட்டாத குருணையாகிவிடுகின்றன. அதன்மேல் தையிலும் மாசியிலும் விழுகிற பனி பலகையாக இறுகுகிறது. பங்குனி வெயிலில் உருகிய நீர் உள்ளே இறங்கி, மிச்சமிருக்கும் பிடிப்பையும் தளர்த்துகிறது. இரவில் மறுபடி உறைவதால் விடியற்காலையில் அது கல். நடுப்பகலில் அதே சரிவை நம்ப முடியாது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடத்தில் ஒருவன் கால் வைக்கிறான். பலகை அவனுக்கு வெகு மேலே கீறிக்கொண்டு பிரிகிறது. பொழுதுபோக்காக மலையேறிச் சரிவில் சிக்கிச் சாகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் அதை அவிழ்த்துவிட்டது அவர்களோ கூட வந்தவர்களோதான் என்று வெளிநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. உண்மையாகவே இருக்கட்டும். அவிழ்த்தது அவன் கால். கார்த்திகையில் இட்ட குருணை யாருடையது?

அப்படியானால் ஒருவருக்கும் பொறுப்பில்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பனியை ஆராய 1969-ல் மணாலியில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 2020-ல் அதை இன்னொரு பாதுகாப்பு ஆய்வகத்தோடு இணைத்தார்கள். எச்சரிக்கைகள் வருகின்றன. எச்சரிக்கையைக் கேட்டுத் திரும்பிப்போகக் கூடியவனுக்கு அது ஒரு தேர்வு. 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில், 19,600 அடி உயரத்துச் சோனம் காவல்நிலையில் இருந்த மதராஸ் ரெஜிமெண்ட்காரர்கள் 10 பேருக்கு 13-வது மைல் என்று ஒன்று கிடையாது. அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள் உயிரோடு தோண்டியெடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் 11-ம் தேதி டெல்லியில் இறந்தார். இவர்களை வீரர்கள் என்கிறோம், நாதுலாவில் செத்தவர்களை அசடர்கள் என்கிறோம். இரண்டு சொல்லாலும் நாம் செய்வது ஒரே காரியம்: மேலே நிமிர்ந்து பார்க்காமல் இருந்துவிடுவது.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. முன்பு நான் இருந்த ஒரு கிளையில் நகைக்கடன் ஒன்றை வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டே வந்தோம். பையைப் பிரித்து எடை போட்டுப் பார்த்தவர் இல்லை. நானும் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டேன். ஏலத்துக்கு எடுத்தபோது நகை பித்தளை. கடைசியாகப் புதுப்பித்தவன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசமே ஆன பையன். விளக்கம் கேட்டார்கள். கடைசிப் பதிவு அவன் கையால் ஆனது என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவனுடைய இன்கிரிமெண்டை நிறுத்தினார்கள். எந்தக் கிளைக்கு மாற்றினார்கள் என்றும் எனக்குத் தெரியும். இதுவரை ஒரு கார்டு போடவில்லை.