வதையைக் குறைத்தல் அறமாகுமா?

கொலையைத் தடுக்க இயலாத இடத்தில் வதையையேனும் குறைத்தல் அறமாகுமா? அன்றி, அவ்வாறு குறைப்பவரும் அக்கொலைக்கு உடன்பட்டவரே ஆவாரா? வினா பழையது. ஆயினும் அண்மையில் நாம் கண்ட வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம் ஒன்று அதனை மீண்டும் நம் முன் நிறுத்திற்று. படம் முடிந்ததும், உடன் அமர்ந்து பார்த்த நம் இல்லத்துச் சிறுமி, "இந்த அம்மா மாடுகளுக்கு நல்லது செய்தார்களா, கெடுதல் செய்தார்களா?" என்று கேட்டாள். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அவ்விடையைத் தேடியே இதனை எழுதுகிறோம்.

படத்தின் பெயர் 'டெம்பிள் கிராண்டின்'. மிக் ஜாக்சன் இயக்க, கிளேர் டேன்ஸ் முதன்மைப் பாத்திரம் ஏற்று நடிக்க, 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் வெளிவந்து, அவ்வாண்டே ஏழு எம்மி விருதுகளைப் பெற்றது. படத்தின் தலைவி கற்பனைப் பாத்திரம் அல்லர். 1947-இல் பாஸ்டன் நகரில் பிறந்து, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல்சார் அறிவியல் பேராசிரியராகப் புகழ்பெற்ற அம்மையார் அவர்.

மூன்றரை வயது வரை அவருக்குப் பேச்சு வரவில்லை. பிறர் தொட்டால் உடல் விறைத்தது. சிறு ஓசையும் அச்சமூட்டியது. ஆட்டிசம் என்னும் நிலை அது. தாயின் அன்புக் குறைவே இந்நிலைக்குக் காரணம் என்று கற்றறிந்தோரே நம்பிய காலம் அது. அக்கருத்து தவறென்று பின்னர் தெளிவாயிற்று. குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிடுமாறு சொல்லப்பட்டதைத் தாய் ஏற்கவில்லை. பேச்சுப் பயிற்சி அளித்தார், பள்ளிக்கு அனுப்பினார், கல்லூரியிலும் சேர்த்தார்.

இளம்பருவத்தில் அரிசோனாவில் உறவினர் பண்ணை ஒன்றில் டெம்பிள் தங்கினார். தடுப்பூசி இடுவதற்காக மாடுகளை ஒவ்வொன்றாக ஒரு கூண்டினுள் விடுவர். இருபுறப் பலகைகளும் நெருங்கி வந்து மாட்டின் உடலை அணைத்தாற்போல இறுக்கும். மிரண்டு நின்ற மாடு அவ்விறுக்கத்தில் அமைதியுறுவதை அவர் கண்டார். தம்மை வாட்டும் அச்சத்திற்கும் இதுவே மருந்தாகுமோ என்று தாமே அக்கூண்டினுள் புகுந்தார்; அமைதி கண்டார். பின்னர் தமக்கென அத்தகைய பொறி ஒன்றைத் தாமே செய்துகொண்டார். மனிதரின் அணைப்பைத் தாங்க இயலாத ஒருவர், மாட்டின் அச்சமும் தம் அச்சமும் ஒன்றெனக் கண்ட இடம் இது. படத்தின் உயிர்நிலையும் இதுவே எனலாம்.

அவருடைய சிந்தனை சொற்களால் அன்றிக் காட்சிகளால் ஆனது. மாடுகளை ஓட்டிச் செல்லும் ஒடுங்கிய வழியில் அவை ஓரிடத்தில் நின்றுவிடும். ஆட்கள் மின்னதிர்ச்சி தரும் கோலால் குத்துவர். டெம்பிளோ மாடு நடக்கும் வழியில் தாமே இறங்கி, அதன் கண் இருக்கும் உயரத்திற்குக் குனிந்து பார்த்தார். தொங்கி ஆடும் சங்கிலி ஒன்று, தேங்கிய நீரில் பளிச்சிடும் ஒளி, வேலியில் எவரோ மாட்டிய மேலங்கி, தரையில் விழும் நிழல் ஆகிய இவையே மாட்டை நிறுத்தின. சங்கிலியை அகற்றியதும் மாடு நடந்தது. அடி தேவைப்படவில்லை. ஆண்டாண்டுகளாக அங்கே வேலை செய்தோர் எவரும் குனிந்து பார்த்திலர்.

படத்தில் மற்றொரு காட்சியும் நெஞ்சை விட்டு அகலவில்லை. உண்ணி நீக்கும் மருந்துநீர்த் தொட்டியில் மாடுகளை இறக்கிக் கரையேற்ற வேண்டும். கால் வழுக்காத சரிவுத்தளம் ஒன்றை அவர் அமைத்துத் தருகிறார். மாடு தானாக இறங்காது என்று எண்ணிய ஆட்கள், அத்தளத்தின் மேல் உலோகத் தகட்டைப் பரப்பிவிடுகின்றனர். மாடுகள் வழுக்கி விழுந்து மூழ்கி இறக்கின்றன. கொல்ல வேண்டுமென்று அங்கே எவரும் எண்ணவில்லை. கவனிக்கவும் எவரும் இல்லை.

இதுவரை கதை எளிது. அம்மையார் பின்னர் அமைத்துக் கொடுத்தவை இறைச்சிக் கூடங்களின் வழிகள் என்பதே நம்மைத் தடுமாறச் செய்வது. வந்த பக்கமே திரும்ப முயல்வது மாட்டின் இயல்பு. அதற்கேற்ப வழியை வளைவாக அமைத்தார். வளைவில் செல்லும் மாட்டிற்கு முன்னே இருப்பது தெரிவதில்லை, அச்சமின்றி நடக்கின்றது. வட அமெரிக்காவில் மாடுகளில் ஏறத்தாழப் பாதி, அவர் வகுத்த அமைப்புகளின் வழியே செல்வதாகக் கூறுவர். கூடங்களைச் சோதிக்க எண்ணிக்கை முறை ஒன்றையும் அவர் வகுத்தார். 1999-இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் அதனை மேற்கொண்டது. நூறு மாடுகளில் தொண்ணூற்றைந்தாவது முதல் தாக்கிலேயே உணர்விழக்க வேண்டும். மூன்றுக்கு மேல் வலியாலோ அச்சத்தாலோ கதறினால் அக்கூடம் தேறவில்லை என்பது அன்றைய விதி.

நூற்றுக்கு மூன்று கதறல். இக்கணக்கைக் கண்டு நாம் நெடுநேரம் அசைவற்றிருந்தோம். முன்னர் எவரும் எண்ணிப் பாராத கதறலை ஒருவர் எண்ணினார். எண்ணியதால் அது குறைந்தது. இது மெய்யான நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கணக்கில் இடம்பெறாத எண் ஒன்றுண்டு: நூற்றுக்கு நூறு மரணம்.

நம் ஆசிரியர்கள் வினையை மூவகையாகப் பகுத்தனர்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். கத்தியைத் தொடாதவரும் மற்ற இரண்டிலிருந்து தப்புவதில்லை. இந்த அளவுகோலை எடுத்தால், கொலைக்கூடத்தின் வழியை வகுத்தவரைக் குற்றமற்றவர் என நம்மால் கூற இயலாது. அம்மையாரும் தம் கருத்தை மறைப்பதில்லை. உணவுக்கென்று நாம் பிறப்பித்து வளர்த்த உயிர். ஆதலின் நல்வாழ்வும் வலியற்ற இறப்பும் அதற்கு நாம் பட்ட கடன் என்பது அவர் கொள்கை. கடன் என்பதை ஏற்கிறோம். ஆயின், பிறப்பிற்குக் காரணமானவர்க்கு அவ்வுயிரைப் பறிக்கும் உரிமை எங்ஙனம் வந்தது? பெற்றோர்க்குப் பிள்ளையின் உயிர் மேல் இல்லாத உரிமை, வளர்த்தவர்க்கு மாட்டின் உயிர் மேல் எவ்வாறு வரும்?

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் நமக்கு எளிது. புலால் உண்ணாதார் என்ற நிறைவுடன் எழுந்து செல்லலாம். ஆனால் கொல்லாமை அணுவிரதத்திற்கு உரைக்கப்பட்ட ஐந்து அதிசாரங்களை நினைவுகூர்வோம்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவ்வைந்தில் கொலை இல்லை. கொல்லாதவரும் வதைக்கக் கூடும் என்பதை அறிந்தே முன்னோர் இவற்றைத் தனியே எடுத்துரைத்தனர். இம்சையின் வேர் பிரமாதம், அதாவது கவனமின்மை, என்றும் உரைத்தனர். மருந்துநீர்த் தொட்டியில் தகட்டைப் பரப்பியோர் செய்ததும் அதுவே.

அந்த அளவுகோலை நம் பக்கம் திருப்புவோம். நாள்தோறும் நாம் பால் பருகுகிறோம். கன்று ஈன்றாலன்றிப் பசு பால் தாராது. ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்று. அவை எங்கே? பால் வற்றிய பசு எங்கே? இவ்வினாக்களை நாம் கேளாதிருப்பதும், வேலியில் தொங்கிய மேலங்கியை அவர்கள் காணாதிருந்ததும் ஒரு தன்மையனவே.

படத்தில், தாம் அன்பு செலுத்திய குதிரை இறந்து கிடக்கக் கண்ட மாணவி டெம்பிள், அது எங்கே போயிற்று என்று தம் ஆசிரியரைக் கேட்கிறார். உயிர் உடலின் வேறென்றும், அது வேறு பிறப்பை அடையும் என்றும் இளமையிலேயே கற்றவர் நாம். விடையை அறிந்திருக்கிறோம், அவ்வினாவை ஒரு மாட்டின் முன் நின்று ஒருமுறையேனும் நெஞ்சாரக் கேட்டதுண்டா? பிறர் உணர்வை அறியார் என்று உலகம் ஒதுக்கிய ஒருவர் அதனைக் கேட்டார்.

ஆகவே சிறுமிக்கு நாம் கூறிய விடை இது: "துன்பத்தைக் குறைத்தார், அது நன்மை. கொலையை விடவில்லை, அது குறை. நாம் கொலையை விட்டோம், அது நன்மை. துன்பத்தைக் குனிந்து பார்க்கவில்லை, அது நம் குறை."

மறுநாட் காலை, நெடுங்காலமாக நம் இல்லத்திற்குப் பால் கொணர்பவரிடம், பால் வற்றிய மாடுகளை என்ன செய்கிறீர் என்று முதன்முறையாகக் கேட்டோம். அவர் அளவைக் குவளையை நோக்கியவாறே, "வித்துடுவோமுங்க" என்றார். யாருக்கு என்று சிறுமி கேட்டாள். அவர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் தலை குனிந்தோம். அன்று முதல், பால் வற்றியபின் அவருடைய மாடுகளுள் ஒன்றையேனும் விற்காமல் வைத்துக் காப்பதற்கு ஆகும் தீவனச் செலவைப் பாலின் விலையோடு சேர்த்துத் தர ஒப்புக்கொண்டுள்ளோம். ஒரு மாடு, மிகச் சிறிது. ஆனால் எண்ணத் தொடங்கியுள்ளோம்.