கூலி தீர்ந்தது, கடன் தீர்ந்ததா?

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் சமவெளித் தீவு. கடல்மட்டத்துக்கு மேல் நூறு மீட்டர் உயரத்தைக்கூட அது எட்டுவதில்லை. அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்குப் புலப்படும் பெரிய ஏற்றம் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைதான்; அதன் உச்சியும் நானூறுக்குச் சற்று மேற்பட்ட படிகளில் முடிந்துவிடுகிறது. ஆயினும் இவ்வூர் வைணவப் பெருமக்களின் திருத்தலப் பட்டியல் மிக நீண்ட தொலைவுக்குச் செல்வது. அவர்கள் போற்றும் 108 திருப்பதிகளுள் முதலாவது திருவரங்கம். அதே வரிசையில் சாளக்கிராமம் என்று போற்றப்படும் முக்திநாத், நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில் 3700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. திருவரங்கத்தில் மதில் எழுப்பியவர் என்று மரபு கூறும் திருமங்கையாழ்வார், சாளக்கிராமத்தையும் பத்துப் பாசுரங்களால் பாடியிருக்கிறார். எனவே வாழ்நாளில் ஒருமுறையேனும் அங்கே சென்றுவர வேண்டும் என்னும் வேட்கை இங்குள்ள பலருக்கு உண்டு.

முக்திநாத் காளிகண்டகி ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் அமைந்தது. ஆற்றின் ஒருபுறம் 8167 மீட்டர் உயரத்தில் தௌலகிரி; மறுபுறம் 8091 மீட்டர் உயரத்தில் அன்னபூர்ணா. இம்மலைகளின் பனியாறுகள் உருகி அப்பள்ளத்தாக்கில் இறங்குகின்றன. இன்று ஜோம்சோம் வரை சிறு விமானமும், அதற்கப்பால் கோயிலுக்குக் கீழுள்ள ஊர் வரை ஜீப்பும் செல்கின்றன. ஆனாலும் கிழக்கே மனாங் பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டு, 5416 மீட்டர் உயரமுள்ள தொரோங் லா கணவாயைக் கடந்து, முக்திநாத்துக்கு நடந்தே இறங்குவோர் இன்றும் உண்டு. அவர்கள் வழிகாட்டியின் பின்னே பல நாள் நடப்பவர்கள். கணவாயின் உச்சியில் அவர்கள் இழுக்கும் ஒரு மூச்சில், கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும்.

அந்த மூச்சோடு சுமையையும் தூக்கி ஏறுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றியதே இக்கட்டுரை. நேபாளத்தின் சுமைதூக்கி 'டோக்கோ' என்னும் மூங்கில் கூடையை முதுகில் ஏற்றி, அதைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொள்கிறார். எவரெஸ்டு வட்டாரத்தில் நாம்சே சந்தைக்குச் சரக்குக் கொண்டுசெல்லும் சுமைதூக்கிகளை ஆராய்ந்த அறிவியலார், ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடு சுமக்கிறார்கள் என்று 2005-ஆம் ஆண்டில் எழுதினார்கள். மலையேறும் பயணி தோளில் ஒரு சிறு பையோடு நடக்க, அவருடைய கூடாரமும் உணவும் படுக்கையும் இன்னொருவர் நெற்றியில் தொங்கிக்கொண்டு முன்னே போகின்றன.

முக்திநாத் சென்று திரும்பிய திருவரங்கத்து ஆசிரியர் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர், தம் பயணத்தை ஒரு மாலை முழுவதும் என்னிடம் விவரித்தார். கோயிலின் 108 நீர்த்தாரைகள், அவற்றின் கீழ் நீராடியபோது உடல் விறைத்தது, காலையில் தௌலகிரியின் மேல் விழுந்த வெயில் என எதையும் அவர் மறக்கவில்லை. மூட்டுவலியால் நடக்க இயலாத தம் மனைவியைக் கடைசிப் படிகளில் ஓர் இளைஞர் முதுகில் சுமந்து ஏற்றினார் என்றும் சொன்னார். "அவர் பெயர் என்ன?" என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். பிறகு, "கேட்கவில்லை, சுவாமி. ஆனால் பேசிய தொகைக்கு மேலேயே கொடுத்தேன்" என்றார். அவர் நல்லவர், கொடுத்ததும் உண்மை. ஆயினும் அவர் குரல் அந்த இடத்தில் தாழ்ந்தது. பேசிய தொகைக்கு மேல் கொடுத்த பின்னரும் எது மீதமாக நின்று அவர் நெஞ்சை உறுத்தியது?

இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்கும் நிகழ்ச்சி 1997-ஆம் ஆண்டில் நேபாளத்தில் நடந்தது. வெளிநாட்டுப் பயணிகளின் குழு ஒன்றுக்குச் சுமை தூக்கிய இளைஞர், வயது இருபது, உயர்மலை நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். குழுவினர் அவருக்குரிய கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்து, தனியே கீழே இறங்கிப் போகும்படி அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய முப்பது மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். சுமைதூக்கிகளின் பாதுகாப்புக்கென ஒரு பன்னாட்டு அமைப்பு தோன்ற அம்மரணமே காரணமாயிற்று.

அந்தக் குழுவினர் எந்தக் கட்டளையை மீறினார்கள்? திருடவில்லை, ஏமாற்றவில்லை, கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை. பழைய அறநெறி இறையியல் நூல்கள் 'பரிமாற்ற நீதி' என்று ஒன்றைப் பேசும். பெற்றதற்கு ஈடாகத் தந்துவிட்டால் அந்நீதி நிறைவேறுகிறது. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் அங்கே கணக்கு நேராகவே இருந்தது. எனினும் நம் உள்ளம் அதை ஏற்க மறுக்கிறது. மறுப்பது வெறும் இரக்க உணர்ச்சியா, அல்லது அதற்கு நியாயமான அடிப்படை உண்டா?

உடலின் செயற்பாட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். உயர்மலை நோய் முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும். உடனே கீழே இறங்குவதே அதற்கு முதல் மருந்து. ஆனால் மூளை பாதிக்கப்பட்டவருக்கு நடை தள்ளாடும். எந்தப் பக்கம் போவது, எங்கே உட்காரக் கூடாது என்னும் தெளிவும் மங்கிவிடும். ஆகவே அவரை இறங்கச் சொல்வது எவ்வளவு இன்றியமையாததோ, உடன் ஒருவரை அனுப்புவதும் அவ்வளவு இன்றியமையாதது. "அவன் மலைக்காரன், அவனுக்கு இதெல்லாம் பழக்கம்" என்று சமாதானம் சொல்வாரும் உண்டு. சுமை தூக்க வருவோரில் பலர் தாழ்ந்த குன்றுகளில் உழுது பிழைப்பவர்கள். அவ்வுயரம் நமக்கு எவ்வளவு புதிதோ அவர்களுக்கும் அவ்வளவு புதிது.

இனி ஒப்பந்தத்தைப் பற்றிப் பார்ப்போம். "அவர் தாமே இசைந்து வந்தார், பேசியதைக் கொடுத்தோம்" என்பது வலுவான வாதம்தான். இதே வாதத்தை ஆலை முதலாளிகளின் வாயிலாகக் கேட்ட திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், 1891-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில் அதற்கு விடையிறுத்தார். இருவர் மனமொத்துச் செய்யும் உடன்பாட்டுக்கு முன்னரே இயற்கை நீதி ஒன்று இருக்கிறது. வேறு வழியின்றி ஒருவன் இசைந்தான் என்பதால் அந்நீதி இல்லாமற் போய்விடாது என்பது அவர் கருத்து. அவர் பேசியது கூலியின் அளவைப் பற்றி. மலைப்பாதையோ நம்மை அதற்கும் அப்பால் இட்டுச்செல்கிறது. அங்கே கூலியின் அளவு சரியாகவே இருந்தும், தர வேண்டிய ஒன்று தரப்படாமல் நின்றது.

இதைச் சொல்லும்போதே எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையோடு கேட்க வேண்டும். "உங்கள் உருக்கம் அவர்களுக்கு உணவாகாது. பயணிகள் வராவிட்டால் அப்பள்ளத்தாக்குகளில் அடுப்பு எரியாது. சுமப்பது அவர்கள் தொழில். அதில் அவர்களுக்குப் பெருமிதமும் உண்டு. அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதே அவமதிப்பு." இவ்வாதத்தின் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். பிறர் தோளில் ஏறுவதே பாவம் என்று சொன்னால், முதியோரும் நோயாளரும் எந்தத் திருத்தலத்துக்கும் போக முடியாது.

உண்மையில் மலையில் எவருமே தனியாக ஏறுவதில்லை. 1950 ஜூன் 3-ஆம் நாள் மோரிஸ் ஹெர்ஸோகும் லூயி லஷனாலும் அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தார்கள். 8000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதர் ஏறியது அதுவே முதல்முறை. அவர்களுடைய பயணமும் இதே காளிகண்டகிப் பள்ளத்தாக்கிலிருந்துதான் தொடங்கியது. இறங்கும்போது கைகால்கள் பனியில் கருகிவிட்டன. விரல்களை இழந்த அவர்களைச் செர்ப்பாக்களும் சுமைதூக்கிகளும் மழைக்காலச் சேற்றில் வாரக்கணக்கில் முதுகில் சுமந்து நாட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏறியவர்கள் நோயுற்றபோது சுமப்பவர்கள், "நீங்கள் மெல்ல இறங்கி வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. அப்படியானால் சுமப்பவர் நோயுற்றபோது ஏறுகிறவர் செய்ய வேண்டியது என்ன? ஒரே மலை, ஒரே குளிர். நியதி மட்டும் இருவகையாக இருக்க முடியுமா?

சுமப்பவரைப் பற்றிய மிகப் பழைய சிந்தனை ஒன்றும் இந்தக் கண்டகி ஆற்றோடு தொடர்புடையது. அரசைத் துறந்த பரதர் இவ்வாற்றங்கரையில்தான் தவமிருந்தார் என்று பாகவதம் கூறுகிறது. மான்குட்டி ஒன்றின்மேல் வைத்த பாசத்தால் மானாகப் பிறந்து, பின்னர் ஜடபரதராகப் பிறக்கிறார். ரகூகணன் என்னும் அரசனின் பல்லக்குக்கு ஆள் குறைந்தபோது, வழியில் கண்ட அவரைப் பிடித்துத் தோள்கொடுக்க வைக்கிறார்கள். எறும்பை மிதித்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து அவர் அடிவைக்க, பல்லக்குக் குலுங்குகிறது. அரசன் ஏசுகிறான். அவர் அமைதியாக விடைதரத் தொடங்கியதும், தன்னைச் சுமப்பது யார் என்று அரசனுக்கு விளங்குகிறது. உடனே பல்லக்கைவிட்டு இறங்கி அவர் காலில் விழுகிறான். இக்கதையில் என்னைத் தொடுவது அந்த இறங்குதல். அரசன் பரிசு தரவில்லை, கூலியை உயர்த்தவில்லை. பயணத்தை நிறுத்தினான்.

வள்ளுவரும் பல்லக்கைப் பற்றி ஒரு குறள் செய்தார். 'அறன் வலியுறுத்தல்' அதிகாரத்திலுள்ள அக்குறளுக்கு இருவகையாகப் பொருள் காண்கிறார்கள். பரிமேலழகர், சுமப்பவனையும் ஊர்பவனையும் கண்டாலே அறத்தின் பயன் விளங்கும் என்று உரைத்தார். வேறு சிலரோ, அவ்விருவரிடையே உள்ள ஏற்றத்தாழ்வை அறத்தின் வழி என்று சொல்லாதே என்பதே வள்ளுவர் உள்ளம் என்பர். எது மூலத்துக்கு உகந்த உரை என்பதைப் புலவர்கள் ஆராயட்டும். மலையில் நிற்பவன் இவற்றுள் ஒன்றைத் தன் செயலால் தேர்ந்துகொள்கிறான். சுமைக்காரன் மயங்கி விழும்போது "அது அவன் விதி" என்று நடந்தால் முதல் உரையை அவன் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டான் என்பதே பொருள். பரிமேலழகரும் அதற்குத் துணைவர மாட்டார்.

இயற்கைக்கு அந்த வேறுபாடு தெரியாது. 2014 அக்டோபர் 12 அன்று நம் வங்கக் கடலிலிருந்து விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயல், வலுவிழந்து வடக்கே சென்று, 14 அன்று தொரோங் லாவில் பனிப்புயலாகப் பொழிந்தது. அப்பகுதியில் மாண்டவர் குறைந்தது 43 பேர். ஏறக்குறைய பாதிப்பேர் மலையேற வந்தவர்கள்; ஏனையோர் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் உள்ளூர் மக்களும். ஊர்ந்தவனையும் பொறுத்தவனையும் ஒரே பனி மூடியது.

அப்படியானால் அந்த மீதக் கடன் எது? நல்ல சமாரியன் உவமையில் பணம் கைமாறும் இடம் ஒன்று உண்டு. அடிபட்டவனைச் சாவடியில் சேர்த்த சமாரியன், சாவடிக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறான். 1997-இல் அந்த இளைஞர் கையில் வைத்ததும் பணம்தான். ஆனால் சமாரியன் தந்த பணம் உறவைத் தொடர்வதற்கான அச்சாரம். அவர்கள் தந்ததோ உறவை முடிப்பதற்கான விலை. கூலி உழைப்புக்கு ஈடாகும். என் பொருட்டு ஒருவர் தம் உயிரை ஆபத்தின் எல்லைக்குக் கொண்டுவந்திருக்கும்போது, அவர் உழைப்பை மட்டும் தனியே பிரித்து விலைபேச இயலாது. அவர் என்னிடம் பெற உரிமையுள்ளது என் நேரம். தேவைப்பட்டால் என் பயணமே. முழுக் குழுவும் திரும்பியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாரேனும் ஒருவர் அவரோடு இறங்க வேண்டும். வேறு எவரும் இல்லையென்றால் அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும். இது தருமம் என்னும் பெயரில் நாம் விரும்பினால் தரும் கொடை அன்று. கட்டாயம் தீர்க்க வேண்டிய கடன்.

திருவரங்கத்தில் நம்பெருமாளைத் தோளில் எழுந்தருளச் செய்வோரை 'ஸ்ரீபாதம் தாங்கிகள்' என்று மதிப்போடு அழைக்கிறார்கள். அவர்களுடைய சிம்மகதியையும் சர்ப்பகதியையும் காணவே கூட்டம் திரள்கிறது. நம் பங்குகளின் தேர்பவனியிலும் தோள்கொடுக்க இளைஞர்கள் போட்டியிடுகிறார்கள். இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீரேன் ஊர்ச் சீமோன் கட்டாயத்தின்பேரில் பிடிக்கப்பட்ட ஆள். ஆயினும் மாற்கு அவர் பெயரோடு அவருடைய மக்கள் இருவரின் பெயரையும் எழுதிவைத்தார். இறைவனைச் சுமப்பவரை மதிக்கத் தெரிந்த நமக்கு, நம்மைச் சுமப்பவரின் பெயரைக் கேட்பது கடினமாகாது.

முக்திநாத்துக்கோ கேதார்நாத்துக்கோ புறப்படும் அன்பர்கள் பயண ஏற்பாட்டாளரிடம் உணவைப் பற்றியும் அறையைப் பற்றியும் கேட்கிறார்கள். அத்துடன் இன்னும் சில கேள்விகளும் கேட்கலாம். நம் சுமையைத் தூக்குவோருக்குக் குளிராடை உண்டா? இரவில் அவர்கள் எங்கே படுப்பார்கள்? காப்பீடு உண்டா? அவர்களுள் ஒருவர் நோயுற்றால் உடன் இறங்கப்போவது யார்? கேட்பவர் பெருகினால் விடைகளும் மாறும். மலைக்கே போகாதவர்களுக்கும் இக்கேள்விகள் உரியவை. திருச்சி காந்தி மார்க்கெட்டில் விடியுமுன் மூட்டை இறக்குகிறவர் நாளை வராமற்போனால், அவ்விடத்தில் இன்னொருவர் நிற்பார். அவர் என்ன ஆனார் என்று விசாரிக்க வேண்டிய தேவையே நமக்கு ஏற்படுவதில்லை. மலையில் மாற்றாள் இல்லாததால் அந்தக் கேள்வி நம் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. சமவெளியில் நாமாகத்தான் அதைக் கேட்க வேண்டும்.