சாமிக்குத் தெரிந்தது ஏட்டுக்கும் தெரியட்டும்

"சாமிக்குத் தெரியாதுங்களா மணியக்காரரே? அவர் கணக்குல இருந்தாப் போதாதா?"

ஓமலூர் வட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த காலத்தில் இந்தக் கேள்வியைப் பலர் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் பாட்டிகள். வீட்டிலேயே பிரசவம் நடந்திருக்கும். பேத்தி தவழ ஆரம்பித்த பிறகும் பதிந்திருக்க மாட்டார்கள். 21 நாளைக்குள் வந்து சொல்லியிருக்க வேண்டாமா, ஓராண்டு தாண்டிவிட்டால் மேலதிகாரி உத்தரவுக்கு அலைய வேண்டுமே என்று கேட்டால், பதிலுக்குச் சாமியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

சட்டத்தைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்திருக்கலாம். மனம் வரவில்லை, ஏனென்றால் அது என்னுடைய கேள்வியும்கூட. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறவன் நான். ஒரு புல் முளைப்பதும் அவன் அறியாமல் இல்லை என்று நம்புகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு பதிவேட்டு வரியை ஏன் இத்தனை பெரிதாக நினைக்க வேண்டும்? போதாததற்கு, நான் படித்து வளர்ந்த சைவம் பிறப்பை அறுக்கச் சொல்கிறது. இனிப் பிறவாத வரம்தான் அங்கே கேட்கத் தகுந்த வரம். அறுக்க வேண்டியதற்கு அத்தாட்சி எதற்கு?

பிறவாமை வேண்டும் என்பது ஒருவன் தனக்காகக் கேட்பது. அடுத்த வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து "இது வினைப்பயன்" என்று சொல்ல அதில் யாருக்கும் இடமில்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது சேலம் மாவட்டத்தின் பழைய வரலாறு.

பெண் சிசுக்கொலைக்கு உசிலம்பட்டியோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஊர்கள் எங்களுடையவை. கள்ளிப்பாலும் நெல்மணியும் எதற்குப் பயன்பட்டன என்று இங்கே வயதானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1992இல் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். வளர்க்க முடியாவிட்டால் கொல்லாதே, இங்கே விட்டுவிட்டுப் போ என்று ஓர் அரசாங்கம் பெற்றவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. பிறந்த உடனே பதியப்படுவது குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். அதன் பிறகும், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். இயற்கையாக விட்டிருந்தால் 950ஐ ஒட்டி இருந்திருக்கும். கருவிலேயே கண்டுபிடித்து அழித்ததும் இதில் அடக்கம்.

அந்தச் சாவுகளில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. பிறப்புப் பதிவேட்டில் ஏறாதவள் இறப்புப் பதிவேட்டிலும் ஏற மாட்டாள். பிறக்கவே இல்லை என்றால் செத்தது யார்? கொன்றது யாரை? கேள்வியே எழாது. "சாமி எடுத்துக்கிட்டார்" என்று சொல்லிவிட்டு ஊர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். சாமிக்குத் தெரியும் என்ற சொல், பக்திக்கு இடம் கொடுத்ததைப்போலவே கொலைக்கும் இடம் கொடுத்திருக்கிறது. அவன் அறிவான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவன் அறிவதால் நாம் வாய்மூடி இருக்கலாம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பாட்டிகளிடம் நான் கர்ணனைத்தான் சொல்வேன். எங்கள் பக்கம் கூத்தில் கர்ண மோட்சம் என்றால் விடிய விடிய ஜனம் எழுந்திருக்காது, ஆகவே விளக்கவே வேண்டியதில்லை. கர்ணனின் பிறப்பு சாமிக்குத் தெரியாததா? தகப்பனே சூரியன். நாள் தவறாமல் மேலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆனாலும் அரங்கத்தில் கிருபாசாரியார் குலம் என்ன, தாய் தகப்பன் யார் என்று கேட்டபோது அவன் தலைகுனிந்து நின்றான். சொல்ல வேண்டியவள் அதே அரங்கத்தில் இருந்தாள், சொல்லவில்லை. ஆற்றிலிருந்து எடுத்து வளர்த்த தேரோட்டி அதிரதன்தான் தடியூன்றிக்கொண்டு வந்து, எல்லோர் முன்னாலும் மகனே என்று அணைத்துக்கொண்டான். போர்க்களத்தில் விழுந்த பிறகுதான் பெற்றவள் ஊரறியக் கதறுகிறாள். கர்ணனுக்குக் குறைவாக இருந்தது கடவுளின் அறிவு அல்ல, ஒரு மனிதர் வாய்திறந்து சொல்லும் "இது பிறந்தது, இது எங்களுடையது" என்ற சொல்தான். பிறப்புப் பதிவு என்று நான் புரிந்துகொண்டது அந்தச் சொல்லை.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை இந்தக் கண்ணோடு படித்தால் வேறு மாதிரி தெரியும். வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் மருத்துவ அலுவலர், சிறையில் பிறந்தால் சிறை அதிகாரி. கிராமத்தில் பொது இடத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன பச்சிளங்குழந்தையா? அதற்காகச் சொல்ல வேண்டியவர் அந்தக் கிராமத்தின் தலைமை அலுவலர். எந்தப் பிள்ளைக்கும் சொல்ல ஆளில்லாமல் போகக்கூடாது என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். பெயர்கூட வேண்டாம். பெயரில்லாமல் பதிந்துவிட்டு ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். தகப்பன் பெயரைச் சொல்ல விரும்பாத தாய்க்கும், அவளுடைய பிரமாணப் பத்திரம் ஒன்றையே வைத்துப் பிள்ளைக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குந்திக்கு இப்படி ஒரு வழி இருந்திருந்தால் என்று நினைக்காமல் அந்தத் தீர்ப்பை என்னால் படிக்க முடியவில்லை.

நான் வேலை பார்த்தபோது இருந்த பிறப்பு அறிக்கைப் படிவம் இரண்டு பகுதியாக இருக்கும். ஒரு பக்கம் பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பெற்றோர் பெயர், பிறந்த இடம், தகவல் சொன்னவர் யார். அது பதிவேட்டில் சேரும். மறுபக்கம் குடும்பத்தின் மதம், பெற்றோர் படிப்பு, தொழில், பிள்ளையின் எடை. அது புள்ளிவிவரத்துக்காகத் தனியே பிரித்து அனுப்பப்படும். கையால் கிழித்துப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு. சாதி எந்தப் பக்கத்திலும் கிடையாது. மதம் கிழிபட்ட பக்கத்தோடு போய்விடும். கைக்கு வரும் சான்றிதழில் இரண்டும் இல்லை. குலம் என்ன என்று அரங்கத்தில் கர்ணனிடம் கேட்ட கேள்வியை இந்தத் தாள் கேட்பதில்லை.

காகிதத்தைப் பிள்ளைக்கு மேலே தூக்கி வைப்பதையும் நான் ஏற்கவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, அதன்பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. இந்த இரண்டில் எனக்கு இரண்டாவதுதான் பெரிது. பதியாமல் விட்டது பெரியவர்கள். அதற்குத் தண்டனை கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கா? உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 15 கோடிக் குழந்தைகளுக்குப் பதிவே இல்லை என்று யுனிசெஃப் 2024இல் சொன்னது. அவர்களும் பிறந்தவர்கள்தான்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் இன்னொரு இடம் இருக்கிறது, பலரும் அறியாதது. தாயின் உடலைவிட்டு வெளியே வந்தபின் ஒரு மூச்சு விட்டாலும், உயிரின் வேறு அறிகுறி எதையாவது காட்டினாலும் அது உயிருடன் பிறந்த பிறப்பு. அரைமணி நேரத்தில் போய்விட்டாலும் இரண்டு பதிவேட்டிலும் ஏற வேண்டும். நம் வழக்கத்தில் பச்சிளங்குழந்தைக்குக் கருமாதி கிடையாது. எரிப்பதில்லை, புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து குளிப்பார்கள், பேச்சை எடுக்க மாட்டார்கள். "போனதை எதுக்குங்க எழுதறீங்க" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். அம்மாக்காரி கேட்டு நான் பார்த்ததில்லை. முதலில் பிறப்பை எழுதுவேன், பிறகு இறப்பை. யார் வேண்டாமென்றாலும் அந்த முதல் பதிவை நான் விட்டதில்லை. இன்று அந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளும் விடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.