இருப்பது தெரியாமல்

பொத்தானைத் தொட்டதும் டிரே வெளியே வருகிறது. அவசரம் இல்லை. நடுக்கம் இல்லை.

டிஸ்க்கின் விளிம்பில் மட்டும் விரல் படுகிறது.

டிரே உள்ளே போகிறது. முகப்பு மறுபடியும் ஒரே பரப்பு.

சிறிது நேரம் எதுவும் இல்லை.

*

உள்ளே தட்டு சுற்றுகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்று. லேசர் உள்வட்டத்திலிருந்து வெளியே நகர நகரச் சுற்று குறைகிறது. விளிம்பை நெருங்கும்போது 600-க்கும் கீழே.

மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

தெருவில் ஒரு ஸ்கூட்டர் திரும்புகிறது. மாடிவீட்டில் குக்கர் விசில். பெட்டியிடமிருந்து ஒன்றும் இல்லை.

*

என்னிடம் இருப்பது ஓப்போ பிடிபி-83. 2009-இல் வந்தது. அமெரிக்காவில் அன்றைய விலை 499 டாலர். புளூ-ரே படிக்கும், எஸ்ஏசிடி படிக்கும், டிவிடி ஆடியோவும் படிக்கும். நான் போடுவது பெரும்பாலும் டிவிடி.

நீல லேசர் சும்மா இருக்கிறது. சிவப்பு வேலை செய்கிறது. 650 நானோமீட்டர். அது தொடர்ந்துபோகும் தடத்தில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே 0.74 மைக்ரான்.

டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். வானவில் தெரிகிறது. தடம் தெரியவில்லை.

*

சித்தப்பா வீட்டிலும் இதே பிளேயர். ஊஞ்சலுக்கு எதிரே, புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில்.

சித்தியிடம் கேட்கிறேன், எப்படி இருக்கிறது என்று.

"ஓடுதா இல்லையான்னே தெரியலப்பா."

அவ்வளவுதான். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறார்.

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தோன்றவில்லை.

*

முன்பு இருந்த பிளேயர் இரையும். சண்டைக் காட்சியில் தெரியாது. பாட்டில் தெரியாது. ஒருவர் கடிதத்தைப் படித்துவிட்டு மெல்ல மடிக்கிறார், பேச்சும் இல்லை, பின்னணி இசையும் இல்லை என்றால், அங்கே தெரியும்.

இயக்குநர் விட்டுவைத்த அமைதிக்குள் ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கும்.

*

கடிதம். மடிப்பு. காகிதத்தின் சரசரப்பு.

இப்போது கேட்கிறது.

*

இரட்டை அடுக்கு டிஸ்க். 8.5 ஜிபி. தட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர், அதற்குள் இரண்டு அடுக்கு, அவற்றுக்கு நடுவே 55 மைக்ரான் அளவில் ஓர் இடைவெளி.

முதல் அடுக்கில் லேசர் உள்ளிருந்து வெளியே போகிறது. அது முடிந்ததும் இரண்டாம் அடுக்கில் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. திரும்பும் இடத்தில் குவியத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சாதாரண பிளேயரில் படம் அங்கே நின்றுவிடும். பாதி திறந்த வாயோடு ஒரு முகம் அப்படியே இருக்கும். அரை வினாடி. சில சமயம் கூடுதலாக. பார்க்கிறவரின் மூச்சும் கூடவே நிற்கும்.

நல்ல பிளேயர் அடுத்து வரவேண்டியதைக் கொஞ்சம் முன்னதாகவே படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. லேசர் தாண்டுகிற நேரத்துக்கு அந்தச் சேமிப்பு போதுகிறது.

அந்த இடம் எங்கே வரும் என்று எனக்குத் தெரிந்த படம் ஒன்று உண்டு. காத்திருக்கிறேன்.

கிணற்றடியில் ஒரு பெண் குடத்தை இறக்கி வைக்கிறாள். நிமிர்கிறாள். முந்தானையை இடுப்பில் செருகுகிறாள்.

எப்போதோ தாண்டியிருக்கிறது.

தோள்பட்டை தளர்கிறது. இறுகியிருந்ததே அப்போதுதான் தெரிகிறது.

*

மழை வரும்போல் இருக்கிறது. வரவில்லை.

*

கோவையில் ஒரு நண்பர். அவரிடம் டெனான் டிவிடி-5910. 2005-இல் வந்த பெட்டி. படத்தைச் சீராக்க ரியால்டா என்ற சிப் அதில் இருக்கிறது. ஒற்றை ஆளாகத் தூக்க யோசிக்க வைக்கும் எடை.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"இருட்டு இருட்டா இருக்குதுங்க" என்கிறார்.

டிவிடியில் வெளிச்சம் எண்களாக இருக்கிறது. 16 என்றால் கறுப்பு. 235 என்றால் வெள்ளை. 16-க்குக் கீழே கண்ணுக்கு எதுவும் தெரியக்கூடாது. பிளேயரும் டிவியும் இதில் ஒத்துப்போகாவிட்டால் இரவு சாம்பல் பூத்துக் கிடக்கும். அல்லது மை கொட்டியதுபோல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஒத்துப்போகும்போது இருட்டுக்குள் ஒரு திண்ணை தெரிகிறது. திண்ணையில் ஒருவர். அவர் முகம் இருப்பது தெரிகிறது, முகம் தெரியவில்லை.

நண்பர் அந்த இடத்தில் நிறுத்துவதில்லை, சுட்டிக்காட்டுவதும் இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

*

சிவப்பு வேறு விஷயம்.

டிவிடி வெளிச்சத்தை முழு அளவில் வைத்திருக்கிறது. என்னிடம் உள்ளவற்றில் பெரும்பாலும் 720-க்கு 480. நிறத்தை 360-க்கு 240. நாலில் ஒரு பங்கு. மீதியைப் பிளேயர் விரித்துக்கொள்ள வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் விலை உயர்ந்த பிளேயர்கள் பலவும் இந்த இடத்தில் தவறின. சிவப்பின் ஓரம் அரம்போல் அறுந்து தெரியும்.

அரக்கு பார்டர். பட்டுப்புடவை. அவள் திரும்புகிறாள்.

ஓரம் ஓரமாகவே இருக்கிறது.

*

திரையில் 20,73,600 புள்ளிகள். தட்டில் இருப்பது 3,45,600.

சரியாக ஆறில் ஒன்று.

மீதி ஐந்தும் ஊகம். பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, நடுவில் என்ன இருந்திருக்கும் என்று இயந்திரம் கணிக்கிறது. ஓப்போ வைத்திருப்பவர்கள் பலரும் முதலில் சொல்வது இந்தக் கணிப்பைப் பற்றித்தான். டிவிடி மாதிரியே இல்லை என்கிறார்கள்.

அந்த நடிகையின் கன்னத்தில் ஒரு மச்சம். அது ஆறில் ஒன்றா, ஐந்தில் ஒன்றா.

கேள்வி வருகிறது. போகிறது. மச்சம் இருக்கிறது.

*

சினிமா வினாடிக்கு 24 படம். நம்மிடம் உள்ள தமிழ் டிவிடிகள் நிறையவும் என்டிஎஸ்சி முறையில் பதிந்தவை. அதில் வினாடிக்கு 60 அரைப்படம். 24-ஐ 60 ஆக்க ஒரு படத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் அடுக்குகிறார்கள். இரண்டு, மூன்று. இரண்டு, மூன்று. நல்ல பிளேயர் இந்த நடையைக் கண்டுபிடித்து, சேர்த்ததைக் கழற்றி, பழைய 24-ஐத் திரும்பக் கட்டுகிறது.

சித்தப்பாவுக்கு மிருதங்கம் தெரியும். இதைச் சொன்னதும் விரல்கள் ஊஞ்சல் பலகையைத் தேடுகின்றன.

தக தகிட. தக தகிட.

கண்ட நடை.

திரையில் கேமரா ஒரு கோபுரத்தின் மேல் மெதுவாக ஏறுகிறது. சாதாரண பிளேயரில் அதன் வரிகள் துடிக்கும். இங்கே ஒவ்வொரு நிலையாக வந்து, இருந்து, இறங்குகிறது.

சித்தப்பா தட்டுவதை எப்போது நிறுத்தினார் என்று கவனிக்கவில்லை.

*

ஒலியைப் பற்றி யாரும் ஒத்துப்போவதில்லை.

"பாடறவங்க மூச்சு வாங்கறது கேக்குது" என்கிறார் சித்தப்பா.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த இன்னொரு நண்பரும் இதே பிளேயர்தான் வைத்திருக்கிறார். "எண்ணுதானே போகுது. எண்ணுல என்ன இனிப்பு, என்ன புளிப்பு" என்கிறார்.

அவர் எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்திருக்கிறார். எண்ணை ஒலியாக்குவது அவருடைய ஆம்ப்ளிஃபயர். சித்தப்பா பின்பக்கத்து அனலாக் துளைகளில் இணைத்திருக்கிறார். அங்கே எண்ணை ஒலியாக்குவது பிளேயரேதான்.

இரண்டு பேரும் தங்கள் காதால் கேட்டதைத்தான் சொல்கிறார்கள்.

நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். தம்புரா. அதன் நாலாவது தந்தி அடங்குவதற்குள் முதல் தந்தி. நடுவில் எதுவோ அடங்காமல் இருந்துகொண்டே இருக்கிறது. அதற்கு இனிப்பு என்றும் சொல்லத் தோன்றவில்லை.

*

டிஸ்க் முடிந்துவிட்டது. மெனு பக்கம். அதே எட்டு வினாடி இசை திரும்பத் திரும்ப வருகிறது.

எழுந்திருக்கவில்லை.

*

2009-இல் கடைக்கு வருவதற்கு முன்பே இந்தப் பெட்டி சில வாடிக்கையாளர்களின் வீட்டுக்குப் போயிருக்கிறது. கலிஃபோர்னியாவில் இருந்த ஓப்போ டிஜிட்டல் என்ற சிறிய நிறுவனம், வெளியிடுவதற்கு முன் அவர்கள் கருத்தைக் கேட்டது. எந்த டிஸ்க் திணறுகிறது, எங்கே தாமதம், எங்கே சப்டைட்டில் தவறான இடத்தில் நிற்கிறது. அவர்கள் எழுதினார்கள். நிறுவனத்தார் மென்பொருளைத் திருத்தினார்கள். மறுபடியும் எழுதினார்கள். மறுபடியும் திருத்தினார்கள்.

முகம் தெரியாத ஒருவர் ஏதோ ஓர் இரவில் ஒரு குறையைக் கவனித்திருக்கிறார். பொறுமையாக எழுதி அனுப்பியிருக்கிறார்.

அந்தக் குறை என் வீட்டில் இல்லை.

என்ன குறை என்று எனக்குத் தெரிய வழியும் இல்லை.

*

மேல்மூடியில் தூசு. துணியால் ஒரு பக்கமாகத் துடைக்கிறேன். காற்றோட்டத் துளைகளின் மேல் கை வைத்தால் இளஞ்சூடு.

டிஸ்க்கைத் துடைப்பது வேறு மாதிரி. வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு, நேராக. வட்டமாக ஒரு கீறல் விழுந்தால் அது தடத்தின் போக்கிலேயே போகும். பிழை திருத்தும் கணக்குக்கு நீண்ட துண்டொன்று மொத்தமாகப் போய்விடும். குறுக்கே விழுந்த கீறலை லேசர் நொடியில் கடந்துவிடும்.

நடுவிலிருந்து விளிம்புக்கு. திருப்பி. நடுவிலிருந்து விளிம்புக்கு.

மூச்சும் அதே நீளத்தில் போகிறது.

*

கடைசி வரிசையில் சில டிஸ்க்குகள். அட்டையின் நிறம் வெளுத்திருக்கிறது. பர்மா பஜாரில் வாங்கியவை ஒரு பக்கம், அயங்கரன் வெளியிட்டவை ஒரு பக்கம். அயங்கரன் டிஸ்க்கைப் போட்டால் படம் நன்றாக இருக்கும் என்று அன்று எல்லோரும் சொல்வோம். அதில் சப்டைட்டிலும் இருக்கும்.

சில டிஸ்க்குகள் சுற்றி, தயங்கி, படிக்க முடியாமல் வெளியே வந்துவிடுகின்றன.

திரும்ப உறையில் வைக்கிறேன். தூக்கிப்போடவில்லை. ஏன் என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை.

*

இன்று படம் போடவில்லை. பெட்டி அணைந்திருக்கிறது.

ஓடும்போது எவ்வளவு அமைதியோ அவ்வளவு அமைதி. வித்தியாசம் கண்டுபிடிக்க முயல்கிறேன். முயற்சி தானாகவே நின்றுவிடுகிறது.

*

2018 ஏப்ரல் 2 அன்று, புதிய பிளேயர்கள் செய்வதை நிறுத்துவதாக ஓப்போ டிஜிட்டல் அறிவித்தது. அதன்பின் யூடிபி-203, யூடிபி-205 பிளேயர்கள் இரண்டும் கடைசியாக ஒரு தொகுதி மட்டும் வந்தன.

இப்போது கைமாற்றில்தான் கிடைக்கிறது. வாங்கப் போகிறவர்கள் இரட்டை அடுக்கு டிஸ்க் ஒன்றைக் கையோடு எடுத்துப்போகிறார்கள். அடுக்கு மாறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டிவைத்து, படம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள்.