இடமும் அறமும்

மனிதர் வாழ்வதற்கு இடம் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு இடம், எவருக்கு, அதனை அளந்து கொடுப்பவர் எவர் என்னும் வினாக்கள் எழும்போதே வேறுபாடு தோன்றுகின்றது. இவ்வினாக்களைப் பொறியியலாளரிடமும் நில அளவையாளரிடமும் ஒப்படைத்துவிட்டு நாம் அமைதியுறுவது வழக்கம். அவை அறவியலைச் சார்ந்தவை என்பதும், அளவுகோலைக் கையில் எடுக்குமுன்னரே ஆராயப்பட வேண்டியவை என்பதும் ஈண்டு எடுத்துக்கூற முற்படுவனவாகும்.

இச்சிந்தனைக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு கணினி விளையாட்டு. வில் ரைட் என்னும் அமெரிக்கர் வடிவமைத்து 1989 இல் வெளிவந்த சிம்சிட்டி, நகரமைப்பு விளையாட்டுகளுக்கு முன்னோடியாகக் கொள்ளப்படுவது. ஆடுபவருக்கு 120 நிரல்களும் 100 நிரைகளும் கொண்ட, கட்டடம் ஏதுமற்ற பரப்பொன்று வழங்கப்படும். அந்த 12,000 கட்டங்களுள் வீடு, கடை, தொழிற்சாலை, வீதி, மின்நிலையம் யாவும் அடங்கவேண்டும். நகரம் வளர வளர இடம் அருகும். அப்போது இருப்பனவற்றை இடித்து, மாற்றி, நெருக்கி அமைப்பதே ஆட்டத்தின் திறன். இதன் வழிவந்த விளையாட்டொன்றை மாணவர் விடுதியில் ஓர் இளைஞர் ஆடக் கண்டேன். அவர் மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். நண்பர்கள் இடமின்றித் திணறிய அதே பரப்பில் அவர் இருமடங்கு வீடுகளை அடக்கியிருந்தார். எவ்வாறு இயன்றது என வினவினேன். "எங்களுக்கு இது பழக்கந்தான், சேர். ஏழு பேர் ஒரே காம்பராவில் வளர்ந்தோம்" என்றார். சூழ இருந்தோர் சிரித்தனர், அவரும் சிரித்தார். அச்சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன் என்பதை இப்போது எண்ணுகையில் நாணமுறுகின்றேன்.

அவ்விளையாட்டு மூன்று எடுகோள்களின்மேல் நிற்கின்றது. நிலம் தொடக்கத்தில் எவருக்கும் உரியதன்று என்பது ஒன்று. அதனைப் பங்கிடுபவர் அங்கு வாழ்பவரல்லர் என்பது மற்றொன்று. எல்லை தானாக அமைந்தது, எவரும் வரைந்ததன்று என்பது மூன்றாவது. விளையாட்டில் இவற்றால் எவருக்கும் தீங்கு விளைவதில்லை. மாத்தளையின் வரலாற்றிலோ இம்மூன்றும் மனிதர்மேல் செயற்பட்டுள்ளன.

முதலாவதை நோக்குவோம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டம், பயிரிடப்படாதனவும் உடைமைச் சான்று காட்டப்படாதனவுமான நிலங்களை முடிக்குரியனவாகக் கருத இடமளித்தது. கண்டிய உழவர் தம் காடுகளிலும் சேனைகளிலும் தலைமுறைகளாகக் கொண்டிருந்த வழக்குரிமைக்குப் பெரும்பாலும் எழுத்துச் சான்று இருக்கவில்லை. ஆதலின் மக்கள் புழங்கிய நிலம் ஏட்டளவில் வெற்று நிலமாயிற்று. பின்னர் கோப்பித் தோட்டமாயிற்று. 1848 இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகளே உடனடிக் காரணமாயினும், நிலமிழந்தோரின் மனக்கசப்பும் அதன் பின்னணியில் இருந்தது.

அத்தோட்டங்களில் உழைப்பதற்குத் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டுவழி நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். தோட்டத்தை அடைந்தோர்க்கு லயன் என்னும் நீண்ட கட்டடத்தில் ஒரு காம்பரா கிடைத்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது அதன் வழமையான அளவு. முன்னே ஓர் இஸ்தோப்பு. அங்கே பகலில் பாய்கள் சுருண்டு மூலைக்குச் செல்லும்; இரவில் அவையே வீட்டை நிரப்பும். விறகும் தகரப் பெட்டியும் பரணுக்கு ஏறும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்காக ஏனையோர் விளக்கொளியில் உறங்கப் பழகுவர். புதிதாக மணமுடித்தோர்க்குச் சேலையொன்றே சுவராகும். இவ்வறையை வரைந்தவர் அதனுள் ஓரிரவும் உறங்கியவரல்லர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, வாக்கினால் வினவும் வழியும் அடைபட்டது. அச்சிக்கலை முடித்துவைக்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது.

மூன்றாவது எடுகோளுக்குச் சிறு கணக்கொன்றே போதும். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. 120 சதுர அடி கொண்ட அறைகள் 363 அதனுள் அடங்கும். நூற்றுக்கணக்கான ஏக்கர் பயிரின் நடுவே ஒரு குடும்பத்துக்கு 120 சதுர அடி என்பதனை இடப்பற்றாக்குறை என்று கூறுதல் பொருந்தாது. அது ஒரு தீர்மானத்தின் விளைவு. 1972 இலும் 1975 இலும் நடைபெற்ற நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்களின் உடைமை கைமாறிற்று, காம்பரா மாறவில்லை. அது வேலையோடு பிணைந்திருந்தமையால், உழைத்தவர் தம் கூரைக்கே உரியவராகவில்லை. 2015 அளவில் 7 பேர்ச் நிலமும் 550 சதுர அடித் தனிவீடும் என்னும் திட்டம் தொடங்கியது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி. அஃதாவது, பதினாறு காம்பராக்களுக்குச் சற்றே குறைந்த நிலம். இன்றும் லயன்களிலேயே வாழும் குடும்பங்கள் ஏராளம்.

இதற்கு மறுப்பொன்று எழலாம். மலைநாட்டில் இடம் உண்மையாகவே குறைவு. மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளில் வீடமைத்தல் இயலாது. 2000 இல் பாதுகாப்பு வனமாகவும், 2010 இல் உலக மரபுரிமையின் ஒரு பகுதியாகவும் அறிவிக்கப்பட்ட நக்கிள்ஸ் மலைக்காட்டை வெட்டுதல் தகாது. தோட்டங்களின் விளிம்பில் நெருக்குண்டு வாழும் சிங்களக் கிராமத்தவர்க்கும் நிலம் வேண்டும். 1840 இன் சட்டத்தால் இழந்தவர் அவர்தம் முன்னோரே. இம்மறுப்பு வலிமை வாய்ந்தது. ஆயினும் உண்மையான குறைவு நீதியின் தேவையை மிகுவிக்கின்றதேயன்றி நீக்குவதில்லை. யாவும் நிறைந்துள்ள இடத்தில் நீதிக்கு வேலையில்லை என்பது மெய்யியலாளர் டேவிட் ஹியூமின் கருத்து. குறைந்ததைப் பங்கிடும்போதே யார் கேட்கப்பட்டார், யார் கேட்கப்படவில்லை என்பது முதன்மை பெறுகின்றது.

1971 இல் வெளிவந்த தமது நீதிக் கோட்பாட்டு நூலில் ஜோன் றோல்ஸ் ஒரு சோதனையை முன்வைத்தார். சமுதாயத்தின் விதிகளை வகுப்போர், அதிலே தமக்கு எவ்விடம் வாய்க்கும் என்பதை அறியாத நிலையில் அவற்றை வகுக்கவேண்டும் என்பது அது. நாளை தாம் துரையின் பங்களாவில் விழிப்போமா, லயனில் விழிப்போமா என அறியாத ஒருவர், பத்துக்குப் பன்னிரண்டு எனக் குறித்திருப்பாரா? இச்சோதனை பயனுடையதே. எனினும் அது கற்பனையில் நிகழ்வது. நடைமுறையில் அதற்கு மிக அண்மித்த வழி, வாழப்போகின்றவரையே அழைத்துக் கேட்டலாகும். எச்சரிவு ஈரமானது, எப்பக்கம் காற்று அடிக்கும், எந்த நீர்க்குழாய் வரட்சியில் வற்றும் என்பவற்றை வரைபடத்தைவிட அவரே நன்கறிவர்.

குறைந்த இடத்தில் மனம் நிறைந்து வாழ்தல் ஓர் உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. லயனில் வாழ்ந்தோர் அதனைத் தம் உழைப்பால் ஈட்டினர். ஆனால் அறைக்கு வெளியே நிற்போர் அதனைப் புகழுமிடத்து, அப்புகழ் அறையின் சிறுமைக்கு நியாயமாகிவிடக்கூடும். விடுதியில் அன்று நான் கேட்டது, எவ்வாறு அடக்கினீர் என்பதையே. அவ்விளைஞரின் காம்பராவை அவ்வளவில் அளந்தவர் யார் என்று நானும் கேட்கவில்லை, சூழ இருந்தோரும் கேட்கவில்லை. நிலத்தையும் வீட்டையும் பற்றிய திட்டங்களை நாளை எழுதப்போகின்றவர்கள் இன்று பல்கலைக்கழகங்களிலே கற்கின்றனர். முதல் வினாவுக்கு விடை தேடுமுன் இரண்டாவதைக் கேட்கப் பழகுதல் அவர்தம் கல்வியின் ஒரு பகுதியாதல் வேண்டும்.