இறந்தோருக்குப் பட்ட கடன்

இறந்துபோன ஒருவருக்கு உயிரோடிருப்பவர் பட்டிருக்கும் கடன் எது? அவரை மறவாதிருப்பதோடு அது தீர்ந்துவிடுமா, அல்லது தமது வாழ்வையும் அவருக்காக நிறுத்திவைக்க வேண்டுமா? ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி 1987 இல் வெளியிட்ட 'நோர்வீஜியன் வூட்' நாவலை இளவயதுக் காதல் கதையாகவே பலரும் வாசிக்கின்றனர். எனக்கோ அது இந்தக் கேள்வியைச் சுற்றியே எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது.

கதைசொல்லியான வதனபேக்கு வயது 37. ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் விமானம் தரையிறங்கியதும் பழைய பாடலொன்றின் இசை காதில் விழுகிறது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்திய புல்வெளியொன்று அவன் மனதில் விரிகிறது. தான் வாழ்ந்ததையும் அவனருகே நின்றதையும் ஒருபோதும் மறக்கக்கூடாது என்று நவோகோ அங்கேதான் கேட்டாள். அவனும் வாக்களித்தான். இன்று புல்வெளி உடனே வருகிறது. அவள் முகம் வரத் தாமதிக்கிறது. முன்பு ஐந்து விநாடி போதுமாயிருந்தது. பிறகு பத்து, முப்பது, ஒரு நிமிடம் என நீண்டுவிட்டது.

இதனைத் துரோகம் எனலாமா? நினைவு தேயும் என்று நவோகோவுக்குத் தெரிந்திருந்தது. அதனாலேயே அவள் அப்படிக் கேட்டாள் என்பதை அவன் பிந்தியே உணர்கிறான். எஞ்சியிருப்பதை உள்ளபடி எழுதிவைப்பதே அவனால் இயன்ற கடன்தீர்ப்பு.

நவோகோவால் அப்படி இயலவில்லை. சிறுபராயம் முதல் கூடவே வளர்ந்த காதலன் கிசுகி, 17 வயதில், ஒரு கடிதமும் வைக்காமல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். அவளது காலம் அத்தோடு நின்றுவிட்டது. கியோத்தோ மலைப்பகுதி விடுதியில் தங்கிக் குணமடைய முயன்றும் அவளும் அதே வழியிற் போய்விடுகிறாள். அவளை நாம் குற்றஞ்சொல்ல முடியாது. அது நோய்; நோய்க்கு நீதி சொல்வது தகாது.

நாவலின் உயிர்நிலை என நான் கருதுவது வேறோர் இடம். வதனபேயின் சக மாணவி மிதோரியின் தந்தை மூளைக் கட்டியால் வைத்தியசாலையில் கிடக்கிறார். பராமரித்துக் களைத்துப்போன மகளை வெளியே அனுப்பிவிட்டு, அதிகம் அறிந்திராத அம்மனிதருடன் வதனபே தனித்திருக்கிறான். உணவில் நாட்டமின்றி இருந்தவர், அவன் வெள்ளரிக்காயைக் கடற்பாசித் தாளில் சுற்றிச் சோயா சோஸில் தோய்த்து உண்பதைப் பார்த்துத் தாமும் உண்கிறார். சில நாட்களில் அவர் இறந்துவிடுகிறார். கிசுகிக்கு எதையும் கொண்டுசேர்க்க முடியாதவனுக்கு, மரணத்தின் வாயிலில் நிற்கும் ஒருவருக்கு ஒரு வெள்ளரிக்காய் கொடுக்க முடிகிறது. இறந்தோருக்குப் பட்ட கடனை வாழ்பவரிடமே செலுத்தலாம் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இறுதியில் வதனபே தொலைபேசியில் மிதோரியை அழைக்கிறான். நீ எங்கே நிற்கிறாய் என்று அவள் கேட்க, அவனுக்கே அது தெரியவில்லை. இந்த முடிவை அரைகுறை என்பாருமுண்டு. எனக்கு அவனது தடுமாற்றம் பெரிதாகப் படவில்லை. அத்தனை இழப்புக்குப் பின்னரும் உயிரோடிருக்கும் ஒருத்தியை அவன் அழைத்தானே, அதுவே பெரிது.